சேவைக் கட்டணம் கட்டிய பிறகு டிப்ஸ் எவ்வளவு? ஐந்து பேர் சாப்பிட்ட பில்லை எப்படிப் பிரிப்பது?

கேள்வி: அக்கா, நான் வெள்ளவத்தையில் தங்கியிருந்து கொள்ளுப்பிட்டிக்கு வேலைக்குப் போகிறேன். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை அலுவலகத்தில் ஐந்து பேர் சேர்ந்து சாப்பிடப் போவது வழக்கம். நான் சைவம். போன முறை பம்பலப்பிட்டியில் ஒரு கடலுணவு உணவகத்துக்குப் போனோம். நான் எடுத்தது மரக்கறி நூடில்ஸ் 1,700 ரூபா, தேசிக்காய் ஜூஸ் 600 ரூபா. நடுவில் வைத்து எல்லாரும் எடுத்த காளான் பொரியல் 1,500. மற்றவர்கள் நண்டு, இறால், ஃப்ரைட் ரைஸ் எடுத்தார்கள், இரண்டு பேர் நாலு பியரும் எடுத்தார்கள், அது மட்டும் 4,800. பில்லில் சாப்பாடு 20,000, சேவைக் கட்டணம் 2,000, வற் 3,960, மொத்தம் 25,960. காசு கட்டிய அண்ணா பத்து வீதம் டிப்ஸ் என்று 2,540 சேர்த்து 28,500 ஆக்கி ஆளுக்கு 5,700 கேட்டார். நான் கொடுத்துவிட்டேன். இதைக் கேட்பது கஞ்சத்தனமா? டிப்ஸ் உண்மையில் எவ்வளவு கொடுக்க வேண்டும்?

பதில்: கஞ்சத்தனம் இல்லை, தங்கச்சி. நீங்கள் இருக்கும் வெள்ளவத்தையிலேயே ஒரு சைவக்கடைக்குப் போய்ப் பாருங்கள். உளுந்து வடை, கடலை வடை, போண்டா என்று ஒரு தட்டு நிறைய மேசையில் கொண்டுவந்து வைப்பார்கள், நாம் வேண்டியதை எடுத்துச் சாப்பிடுவோம், எழும்பும்போது பரிமாறியவர் தட்டில் மிச்சம் இருப்பதைக் கண்ணால் எண்ணி, போனது எத்தனை என்று கணக்குப் பார்த்துக் காசு மேசைக்குச் சத்தமாகச் சொல்லுவார். மூன்று வடை தின்றவர் மூன்று வடைக்குத்தான் காசு கொடுப்பார். அதை ஒருவரும் குறையாக நினைப்பதில்லை. அதே கணக்கைப் பெரிய உணவகத்தில் கேட்க மட்டும் ஏன் கூச்சப்பட வேண்டும்?

முதலில் டிப்ஸ் விஷயம், ஏனென்றால் உங்கள் பில்லில் பெரிய பிழை அங்கேதான் இருக்கிறது. சேவைக் கட்டணம் அரசாங்க வரி இல்லை, உணவகம் போடுவது. கொழும்பில் வழக்கமாகப் பத்து வீதம். மெனுவின் அடியில் சிறிய எழுத்தில், விலைகளோடு சேவைக் கட்டணமும் வரியும் சேரும் என்று ஒரு வரி இருக்கும். ஹோட்டல்களிலும் பெரிய உணவகங்களிலும் இந்தக் காசை ஒன்றாகச் சேர்த்து, சமையலறை உட்பட ஊழியர்களுக்குள் பிரிப்பது வழக்கம், எல்லா இடத்திலும் ஒரே மாதிரிப் பிரிப்பதில்லை. ஆக நீங்கள் 2,000 ரூபா ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்கள். அதற்கு மேல் இன்னொரு பத்து வீதம், அதுவும் சேவைக் கட்டணமும் வற்றும் சேர்ந்த மொத்தத்தின் மேல் போட்டால், வரிக்கும் டிப்ஸ், டிப்ஸுக்கும் டிப்ஸ் என்று ஆகிவிடுகிறது. அப்படிக் கொடுக்க வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை, ஊர் வழக்கமும் இல்லை.

ஆனாலும் நான் ஒன்றும் கொடுக்காமல் வருகிறவள் இல்லை. அந்தச் சேவைக் கட்டணத்தில் நமக்குப் பரிமாறிய பிள்ளையின் கைக்கு என்ன போகிறது என்று நமக்குத் தெரியாது. இரவு பத்து மணிக்கும் முகம் சுளிக்காமல் தண்ணீர் ஊற்றி, நண்டுக் கோதை அள்ளிக்கொண்டு போய், கை கழுவச் சுடுதண்ணீரில் தேசிக்காய் போட்டுக் கொண்டுவந்த ஒருவருக்கு ஆளுக்கு நூறு ரூபா போட்டு 500 ரூபா கொடுத்தால் அது நல்ல மரியாதை. காசாக, கையிலே கொடுங்கள், பில் புத்தகத்துக்குள் வைத்தாலோ கார்டில் சேர்த்துப் போட்டாலோ யாருக்குப் போகிறது என்று சொல்ல முடியாது. சேவைக் கட்டணம் போடாத சின்னக் கடைகளில்தான் நாம் உண்மையில் தாராளமாக இருக்க வேண்டும். ஆனால் அங்கேதான் மிச்சச் சில்லறையைக்கூடப் பொறுக்கிக்கொண்டு வருகிறோம், எனக்கு அது மனவருத்தம்.

சரி, இப்போது பிரிக்கிற கணக்கு. சேவைக் கட்டணத்தையும் வரியையும் தனித்தனியாகப் பிரித்துத் தலையை உடைக்க வேண்டாம். மொத்தத்தை மெனு விலைக் கூட்டலால் வகுங்கள். 25,960ஐ 20,000ஆல் வகுத்தால் 1.298 வரும். அதாவது மெனுவில் 100 ரூபா என்று இருந்தது உங்கள் கையிலிருந்து போகும்போது கிட்டத்தட்ட 130 ரூபா. உங்கள் பில்லில் உணவோடு சேவைக் கட்டணத்தைச் சேர்த்து, அந்த 22,000க்கு 18 வீத வற் போட்டிருக்கிறார்கள். (2024 ஜனவரியில்தான் வற் 15இலிருந்து 18 வீதம் ஆனது.) வேறு இடங்களில் வரி மெனு விலைக்குள்ளேயே அடங்கியிருக்கலாம், அப்போது இந்த எண் 1.1 என்று வரும். எதுவாக இருந்தாலும் அந்தப் பில்லிலேயே வகுத்துப் பார்த்தால் சரியான எண் கிடைத்துவிடும்.

உங்கள் சாப்பாடு 1,700, ஜூஸ் 600, காளானில் ஐந்தில் ஒரு பங்கு 300. கூட்டினால் 2,600. அதை 1.298ஆல் பெருக்கினால் 3,375 ரூபா. நீங்கள் கொடுத்தது 5,700. மற்ற நால்வரும் மிச்சத்தைச் சமமாகப் பிரித்திருந்தால் ஆளுக்கு ஏறத்தாழ 5,646தான் வந்திருக்கும். பாருங்கள், அந்தப் பெரிய டிப்ஸ் இல்லாமல் இருந்திருந்தால், நீங்கள் உங்கள் பங்கை மட்டும் கொடுத்திருந்தாலும் அவர்களுக்கு ஒரு சதம் கூடியிருக்காது, குறைந்துதான் இருக்கும்! பியரைக் குடித்த இருவருக்கு மட்டும் போட்டால் அவர்களுக்கு 7,200 அளவில், மற்ற இருவருக்கு 4,090 அளவில் வரும். அந்த இருவரும் உங்களைப் போலவே வாய் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

இனி எப்படிச் சொல்வது? பில் வந்த பிறகு சொன்னால் சண்டை மாதிரித் தெரியும். ஓடர் கொடுக்கும்போதே வெயிட்டரிடம், "எனக்குத் தனிப் பில் போடுங்கோ" என்று சிரித்துக்கொண்டு சொல்லிவிடுங்கள். மேசைக்கு ஒரே பில் என்று பதிந்த பிறகு பிரிப்பது அவர்களுக்கும் கரைச்சல். அப்புறம் அந்த அண்ணாவிடம் தனியாக, பியரை மட்டுமாவது வேறாகப் போடுவோம் அண்ணா என்று கேளுங்கள். வித்தியாசம் இருநூறு முன்னூறு ரூபா என்றால் சமமாகப் பிரித்துவிட்டு விடுங்கள், அதற்கெல்லாம் கல்குலேட்டர் எடுக்க வேண்டாம். 2,300 ரூபா என்றால் அது சம்பளக்காரருக்குப் பல நாள் மத்தியானச் சாப்பாடு.

கேள்வி: கொட்டாஞ்சேனையில் ஒரு கடையில் 6,400 ரூபாவுக்குச் சாப்பிட்டோம். கார்டு கொடுத்தால் மூன்று வீதம் கூட என்றார்கள், 192 ரூபா சேர்த்து எடுத்தார்கள். எடுக்கலாமா?

பதில்: எடுக்கக் கூடாது. கார்டில் கட்டுவதற்காக வாடிக்கையாளரிடம் மேலதிகமாக அறவிட முடியாது, அது வங்கியோடு கடை செய்த உடன்படிக்கைக்கு எதிரானது என்று மத்திய வங்கியே அறிவித்திருக்கிறது. கார்டு மெஷின் தரும் துண்டில் வங்கியின் பெயர் இருக்கும். அதையும் கடையின் பில்லையும் சேர்த்துப் படம் எடுத்து, அந்த வங்கிக்கும் உங்கள் கார்டைத் தந்த வங்கிக்கும் முறைப்பாடு செய்யுங்கள். பில் தரவே மறுத்தாலோ, விலைப்பட்டியலில் இருப்பதைவிடக் கூட எடுத்தாலோ நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையின் 1977க்கு அழையுங்கள். அடுத்த முறை கார்டை நீட்டுவதற்கு முன்னால் மெஷினில் அடித்த தொகையை ஒருமுறை பார்த்துவிட்டு நீட்டுங்கள்.