ரிலீஃப் வால்வு, ரெட்யூசிங் வால்வு, ஃப்ளோ கண்ட்ரோல் வால்வு: இவை எப்படி வேலை செய்கின்றன? என்ன வித்தியாசம்?

மெயின்டனன்ஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஹைட்ராலிக் பிரஸ்ஸின் ராம் (எண்ணெய்ப் பிரஷரால் இறங்கி அழுத்தும் தண்டு) மெதுவாக இறங்குகிறதே என்று ரிலீஃப் வால்வு ஸ்க்ரூவை ஒன்றரைச் சுற்று இறுக்கிவிட்டேன். வேகம் கூடவில்லை. ராம் அடியில் முட்டி நின்றதும் பிரஷர் எகிறி ஹோஸ் வெடித்தது. எண்ணெய் பீய்ச்சிய பக்கம் நல்லவேளை ஆள் இல்லை. அதனால் இந்தக் கேள்வியை என்னால் சாதாரணமாகக் கடக்க முடியாது.

பம்ப் தருவது எண்ணெயின் ஓட்டத்தை மட்டும்தான். அந்த ஓட்டத்தைச் சுமை எதிர்க்கும்போதுதான் பிரஷர் பிறக்கிறது. அன்று பம்ப் தேய்ந்திருந்தது. எண்ணெயே குறைவாக வந்தது. ரிலீஃபை இறுக்கினால் வேகம் எங்கிருந்து வரும்?

ஒரு வால்வு எந்தப் பக்கத்துப் பிரஷரைப் பார்க்கிறது என்று பிடித்துவிட்டால் பாதிக் குழப்பம் போய்விடும். ரிலீஃப் வால்வு உள்ளே வரும் பக்கத்தைப் பார்க்கும். மூடியே இருக்கும், பிரஷர் ஸ்ப்ரிங்கை மிஞ்சினால் திறந்து எண்ணெயை டேங்குக்கு விடும். குக்கர் வெயிட்டும் இதே வேலைதான் செய்கிறது. நிமிடத்துக்கு 30 லிட்டர் எண்ணெய் 100 பார் (பார் என்பது பிரஷரின் அலகு) பிரஷரில் இதன் வழியே போய்க்கொண்டிருந்தால் 5 கிலோவாட் அப்படியே சூடாகிறது.

ரெட்யூசிங் வால்வு நேர் எதிர். வெளியேறும் பக்கத்தைப் பார்க்கும். திறந்தே இருக்கும், அந்தப் பக்கம் பிரஷர் ஏற ஏற வழியைக் குறுக்கும். வீட்டு கேஸ் ரெகுலேட்டரும் இந்த வகைதான். சிலிண்டருக்குள் பல பார் இருந்தாலும் அடுப்புக்கு 30 மில்லிபார் அளவில்தான் விடும். ஹைட்ராலிக்கில் இதற்குத் தனியாக ஒரு டிரெய்ன் லைன், அதாவது வால்வுக்குள் கசியும் எண்ணெயை டேங்குக்குக் கொண்டுபோகும் சிறு பைப், உண்டு. அது அடைத்தால் செட்டிங் நிற்காது.

ஃப்ளோ கண்ட்ரோல் வால்வு எண்ணெய் ஓட்டத்தின் அளவை, அதன் மூலம் வேகத்தை, கட்டுப்படுத்தும். இதில் சாதாரண நீடில் வகை வெறும் குறுகலான வழி. இருபுறப் பிரஷர் வித்தியாசம் 4 மடங்கானால் ஓட்டம் 2 மடங்காகும். அதனால் சுமை மாறினால் வேகமும் மாறும். காம்பன்சேட்டர் (பிரஷர் மாற்றத்தை ஈடுகட்டும் அமைப்பு) உள்ள வகையில் ஸ்பூல் என்ற நகரும் உருளை அந்த வித்தியாசத்தை மாறாமல் வைத்துக்கொள்ளும். வேகம் நிலையாக இருக்கும். துளை போடும்போது டிரில் மறுபக்கம் வெளியேறும் கணத்தில் சுமை சட்டென்று விடுபட்டு, டிரில்லைத் தள்ளும் ஹைட்ராலிக் சிலிண்டர் முன்னே பாயும். அப்படிப்பட்ட இடத்தில் ஃப்ளோ கண்ட்ரோல் வால்வை, சிலிண்டரிலிருந்து வெளியேறும் எண்ணெயின் பாதையில்தான் வைக்க வேண்டும்.

இப்போதெல்லாம் ராம் மெதுவானால் ஸ்பேனரை எடுப்பதில்லை. முதலில் பிரஷர் கேஜைப் பார்ப்பேன். ரிலீஃப் செட்டிங்குக்கு வெகு கீழே முள் நின்றால், ரிலீஃபிலிருந்து டேங்குக்குப் போகும் பைப் சூடேறியிருக்கிறதா என்று பார்ப்பேன். சூடு இல்லையென்றால் அடுத்து பம்ப்தான்.