காதல் நாவலின் உள்வகைகள்: ஒரு கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலத்தில் காதல் நாவல்களை ரீஜென்சி, காத்திக், மருத்துவமனைக் காதல் என்றெல்லாம் பிரிக்கிறார்கள். எல்லாவற்றிலும் இருவர் சந்தித்து, பிணங்கி, கடைசியில் சேருகிறார்கள். அப்படியென்றால் இவை விற்பனைக்காக ஒட்டிய சீட்டுகள்தானே?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

விற்பனைக்கு இதில் பங்கில்லை என்று சொல்ல மாட்டேன். 1908இல் லண்டனில் பொதுவான பதிப்பகமாகத் தொடங்கிய மில்ஸ் அண்ட் பூன், பின்னர் காதல் நாவல்களிலேயே ஊன்றி, அவற்றையும் தனித்தனி வரிசைகளாகப் பிரித்து விற்றது. ஆனால் முடிவு முன்பே தெரிந்த கதையில் நம்மை இழுத்துச் செல்வது, இவர்களைச் சேரவிடாமல் தடுப்பது எது என்ற கேள்விதான். தடை மாறினால் வகையும் மாறிவிடுகிறது.

பிரிட்டனின் மூன்றாம் ஜார்ஜ் மன்னர் நோயுற்றதால் 1811 முதல் 1820 வரை அவருடைய மகன் பொறுப்பாட்சி நடத்திய காலமே ரீஜென்சி. அக்கதைகளில் தடையாக நிற்பவை சொத்தும் சட்டமும். 1753ஆம் ஆண்டுத் திருமணச் சட்டத்துக்குப் பிறகு, பெற்றோர் மறுத்தால் 21 வயது நிரம்பாதவர்கள் இங்கிலாந்தில் மணம்புரிவது ஏறக்குறைய இயலாததாயிற்று. ஸ்காட்லாந்தில் அச்சட்டம் செல்லாது என்பதால், எல்லையைத் தாண்டியதுமே வரும் கிரெட்னா கிரீன் ஊருக்குக் குதிரை வண்டியில் ஓடிய காதலர்கள், சாட்சிகள் முன் சம்மதம் சொல்லி மணமக்களானார்கள். கொல்லுப்பட்டறையே அங்கு மணமேடையாகப் பேர்பெற்றது. ஆகவே இவ்வகை நாவலில் நள்ளிரவில் வடக்கு நோக்கி ஒரு வண்டி கிளம்பினால், பின்னாலேயே பெண்ணின் அண்ணனும் கிளம்புவான் என்று பழகிய வாசகர் எதிர்பார்ப்பார். நடன அரங்கையும் பட்டுக் கவுனையும் மட்டும் வைத்துக்கொண்டு இந்த நெருக்கடியை மறந்துவிடும் நாவல்களும் ஏராளம். என் கணக்கில் அவை வேடம் கட்டிய தற்காலக் கதைகளே.

அச்சமும் மர்மமும் சூழ்ந்த காத்திக் வகையில் தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. டாப்னி டு மோரியரின் ‘ரெபேக்கா’வில் (1938) திருமணம் தொடக்கத்திலேயே முடிந்துவிடுகிறது. பெயர்கூடச் சொல்லப்படாத அந்த இளம் மனைவி, இறந்துபோன முதல் மனைவியின் அறையும் உடைகளும் கலையாமல் காக்கப்படும் மாளிகையில், தான் மணந்தவரை நம்பலாமா என்று தவிக்கிறாள்.

மருத்துவமனைக் கதைகளில் பெரும்பாலும் பதவியின் ஏற்றத்தாழ்வே தடை. அதிகம் சொல்ல அவற்றில் ஒன்றுமில்லை.

உங்கள் ஐயம் முழுதாகப் பொருந்துவது தற்காலக் காதல் என்ற பிரிவுக்குத்தான். சட்டமோ சொத்தோ குடும்பமோ தடுக்காத இருவரை முந்நூறு பக்கம் பிரித்துவைக்க, நேரில் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தீர்ந்திருக்கும் தவறான புரிதலையே அங்கே பலரும் நம்பியிருக்கிறார்கள்.