புதிய கணினி வாங்குவதற்கு முன், குறைவது எந்த மெமரி என்று பாருங்கள்

உங்கள் கேள்வி இதுதான்: வீட்டில் பழைய மேசைக் கணினி, 4 ஜிபி ரேம், விண்டோஸ் 10. "கணினியில் மெமரி குறைவாக இருக்கிறது, நிரல்களை மூடுங்கள்" என்ற எச்சரிக்கை நாளுக்கு நான்கு முறை வருகிறது. படங்களை அழித்துப் பார்த்தும் தீரவில்லை. கடைக்காரர் புதிதாக வாங்கிவிடச் சொல்கிறார். வாங்கத்தான் வேண்டுமா?

இப்போதைக்கு வேண்டாம். சென்ற ஆண்டு என் அக்கா வீட்டில் இதே எச்சரிக்கை, இதே 4 ஜிபி, கடையில் இதே பதில். அதை உட்கார்ந்து சரிசெய்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

அக்கா வீடு மதுரை வில்லாபுரத்தில். மச்சான் சுங்குடிச் சேலைகளை மொத்தமாக எடுத்து வெளியூர்க் கடைகளுக்கு அனுப்புகிறார். சேலைகளைப் படம்பிடித்து, விலை போட்டு, ஒரே கோப்பாக்கி வாட்ஸ்அப்பில் அனுப்புவதுதான் அந்தக் கணினிக்கு முழுநேர வேலை. சித்திரைத் திருவிழாவுக்கு முந்தைய வாரம் அழைத்தார். "மாப்பிள்ளை, நாற்பது சேலைக்கு விலை போட்டு முடித்தேன். சேமிப்பதற்குள் எல்லாம் நின்றுவிட்டது. காலையிலிருந்து இது மூன்றாவது தடவை" என்றார். கடையில் சொன்ன தொகையைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அந்த மாதம்தான் மகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டியிருந்தார்.

முதலில் ஒரு சொல் குழப்பத்தைத் தீர்க்க வேண்டும். கைப்பேசியில் படம் நிறைந்தால் "மெமரி நிறைந்துவிட்டது" என்கிறோம். அந்தப் பழக்கத்தில், கணினி மெமரி குறைவு என்றதும் நம் கை தானாகப் படங்களை அழிக்கப் போகிறது. நீங்களும் அதைத்தான் செய்திருக்கிறீர்கள். ஆனால் கணினி அந்த எச்சரிக்கையில் சொல்வது படம் வைக்கும் இடத்தை அல்ல.

மச்சானுக்கு நான் சொன்ன விளக்கம் இது. சேலைக் கடையில் சுவர் முழுக்க அலமாரி இருக்கும். முன்னால் வெள்ளை விரிப்பு இருக்கும். வாடிக்கையாளருக்கு எடுத்து விரித்துக் காட்டுவது அந்த விரிப்பில்தான். அலமாரி என்பது ஹார்ட் டிஸ்க் அல்லது எஸ்எஸ்டி. விரிப்பு என்பது ரேம். விரிப்பில் இடம் போதாமல் போனால் கடைப் பையன் என்ன செய்வான்? இப்போது யாரும் பார்க்காத சேலைகளைச் சுருட்டி, அலமாரியில் காலியாக இருக்கும் ஒரு தட்டில் தற்காலிகமாக வைப்பான். விண்டோஸும் அதையே செய்கிறது. சி டிரைவில் பேஜ்ஃபைல் என்று ஒரு மறைகோப்பு இருக்கிறது. அதுதான் அந்தத் தட்டு. தேவை கூடும்போது விண்டோஸ் அதைப் பெரிதாக்கிக்கொள்ளும். அலமாரியே பிதுங்கி நின்றால் எப்படிப் பெரிதாக்கும்? விரிப்பும் நிறைந்து தட்டும் நிறைந்தால் அந்த எச்சரிக்கை வருகிறது.

ஆகவே பார்க்க வேண்டியவை இரண்டு: விரிப்பு எவ்வளவு, தட்டுக்கு இடம் இருக்கிறதா. இரண்டையும் ஒரே திரையில் பார்க்கலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் பெர்ஃபாமன்ஸ் என்ற பகுதிக்குப் போய் மெமரியைத் தொடுங்கள். முக்கியமாக, கணினி திணறும்போது பாருங்கள். காலையில் போட்டவுடன் பார்த்தால் எந்தக் கணினியும் ஆரோக்கியமாகத்தான் தெரியும்.

அங்கே "இன் யூஸ்" என்பது ரேமில் பயன்பாட்டில் இருப்பது. அதைவிட முக்கியமானது "கமிட்டெட்" என்ற இடத்தில் சாய்கோட்டுக்கு இருபுறமும் இருக்கும் இரண்டு எண்கள். இடப்பக்கம் இருப்பது ஓடும் நிரல்கள் எல்லாம் சேர்ந்து கேட்டு வாங்கியிருக்கும் அளவு. வலப்பக்கம் இருப்பது ரேமும் பேஜ்ஃபைலும் சேர்ந்து தரக்கூடிய அளவு. இடப்பக்க எண் வலப்பக்க எண்ணை நெருங்கும்போதுதான் எச்சரிக்கை எழுகிறது. மச்சானின் கணினியில் அன்று மாலை இருந்தது 5.2/5.4. எனக்கு அங்கேயே பாதி விடை கிடைத்துவிட்டது. ரேம் கிட்டத்தட்ட 4 என்றால், மீதி ஒன்றரை ஜிபிதான் பேஜ்ஃபைல். அது ஏன் அதற்கு மேல் வளரவில்லை?

சி டிரைவைத் திறந்தேன். சிவப்புக் கோடு. 111 ஜிபியில் 600 எம்பிதான் மிச்சம். அதற்குக் கீழே, 465 ஜிபி டி டிரைவ் ஏறக்குறைய காலியாகக் கிடந்தது! இரண்டு ஆண்டுகளுக்கு முன் வேகம் கூட்டுவதற்காக 120 ஜிபி எஸ்எஸ்டி போட்டிருக்கிறார்கள். பழைய 500 ஜிபி டிஸ்க்கை டி டிரைவாக மாட்டியிருக்கிறார்கள். ஆனால் டெஸ்க்டாப்பில் வைப்பதும், டவுன்லோட்ஸில் இறங்குவதும் சி டிரைவில்தான் சேரும் என்று மச்சானுக்கு யாரும் சொல்லவில்லை. மூன்று பண்டிகைக் காலத்துச் சேலைப் படங்கள் அத்தனையும் அங்கேதான் குவிந்திருந்தன.

படங்களை டி டிரைவுக்கு நகர்த்தினோம். டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் வலது சொடுக்கு போட்டு, ப்ராப்பர்ட்டீஸ், லொகேஷன், மூவ் என்று போனால் அந்த ஃபோல்டரையே டி டிரைவுக்கு மாற்றிவிடலாம்; இனி இறங்குவதெல்லாம் அங்கே போகும். பிறகு ரீசைக்கிள் பின். நீங்கள் படங்களை அழித்தும் பயனில்லை என்றீர்களே, ரீசைக்கிள் பின்னைக் காலிசெய்தீர்களா? அதில் இருக்கும்வரை அவை இடத்தைப் பிடித்துக்கொண்டுதான் இருக்கும். மச்சானின் பின்னில் மட்டும் 9 ஜிபி. கடைசியாக டிஸ்க் கிளீனப்பை ஓட்டினேன். 40 ஜிபிக்கு மேல் காலியானது. கணினியை ரீஸ்டார்ட் செய்து அதே வேலையைத் திறந்தபோது வலப்பக்க எண் 7.9 வரை ஏறியது. எச்சரிக்கை வரவில்லை. ஒரு ரூபாய் செலவில்லை.

பேஜ்ஃபைலை யாராவது கையால் குறைத்தோ நிறுத்தியோ வைத்திருந்தால், இடம் இருந்தும் வளராது. "எஸ்எஸ்டி தேய்ந்துவிடும்" என்று பயந்து சிலர் அப்படிச் செய்கிறார்கள். 4 ஜிபி கணினியில் அது மிகத் தவறான யோசனை. ஸ்டார்ட் மெனுவில் அட்வான்ஸ்டு சிஸ்டம் செட்டிங்ஸ் என்று தேடுங்கள். அங்கிருந்து பெர்ஃபாமன்ஸ், அட்வான்ஸ்டு, வெர்ச்சுவல் மெமரி என்று போய், விண்டோஸே பார்த்துக்கொள்ளட்டும் என்ற முதல் கட்டத்தில் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

எச்சரிக்கை போனது; ஆனால் மந்தம் போகவில்லை. தட்டில் வைத்ததை விரிப்புக்கு எடுத்துவர நேரமாகும் அல்லவா? எஸ்எஸ்டி எவ்வளவு வேகமானாலும் ரேமுக்கு ஈடாகாது. அதனால் விரிப்பை அடைத்துக்கொண்டிருப்பது எது என்று பார்க்க உட்கார்ந்தோம்.

டாஸ்க் மேனேஜரின் முதல் பக்கத்தில் மெமரி என்ற தலைப்பைச் சொடுக்கினால் அதிகம் எடுப்பது மேலே வரும். முதலிடத்தில் குரோம்; அது எல்லா வீட்டிலும் அப்படித்தான். அதன் செட்டிங்ஸில் பெர்ஃபாமன்ஸ் பகுதியில் மெமரி சேவர் இருக்கிறது. அதை இயக்கினால் தொடாமல் கிடக்கும் டேப்களை உறங்கவைத்துவிடும். இரண்டாவதாக ஒரு பழைய ஆன்டிவைரஸ், சந்தா முடிந்தும் ஓடிக்கொண்டிருந்தது. நீக்கினோம்; வீட்டு உபயோகத்துக்கு விண்டோஸுடன் வரும் டிஃபெண்டரே போதும்.

மூன்றாவதைக் கண்டுபிடிக்கத்தான் ஒரு நாள் பிடித்தது. பிரின்டருடன் வந்த துணை நிரல் ஒன்று. காலையில் அது 90 எம்பி. மச்சானிடம், "ஒரு மணிக்கு ஒரு தரம் இந்த எண்ணைக் குறித்துவையுங்கள்" என்று சொல்லிவிட்டு வந்தேன். கிழித்த நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் நேரம் போட்டு வரிசையாக எழுதிவைத்திருந்தார்: 90, 210, 340, 480... மாலை ஆறு மணிக்கு 1,300. வாங்கிய இடத்தைத் திருப்பித் தராமல் மேலும் மேலும் கேட்கும் நிரல் அது. மெமரி லீக் என்பது இதைத்தான். ஒருமுறை பார்த்தால் இது அகப்படாது. வளர்ச்சியைப் பார்த்தால்தான் அகப்படும். அந்த நிரலை நீக்கிவிட்டு, பிரின்டரை இயக்கும் டிரைவர் என்ற மென்பொருளை மட்டும் வைத்துக்கொண்டோம். அச்சடிப்பதில் ஒரு குறையும் இல்லை.

இந்த இடத்தில் ஒன்று. விண்டோஸ் 10-இல் ஷட் டவுன் கொடுத்துப் போட்டால் எல்லாம் புதிதாகத் தொடங்குவதில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் இயங்கும் கணினியில், இயங்குதளத்தின் உட்பகுதியும் டிரைவர்களும் இருந்த நிலையிலேயே டிஸ்க்கில் சேமிக்கப்பட்டு, மறுநாள் அப்படியே திரும்பி வரும். டிரைவரில் மெமரி லீக் இருந்தால் அதுவும் கூடவே வரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுதாகத் துடைத்துவிட்டுத் தொடங்கும். வாரம் ஒருமுறையாவது ரீஸ்டார்ட் கொடுங்கள்.

அடுத்தது படங்கள். மச்சானுக்கு இதுதான் புரியவே இல்லை: "ஒரு படம் நான்கு எம்பிதானே, நாற்பது படம் 160 எம்பி, அதற்கா இந்தத் திணறல்?" 4 எம்பி என்பது சுருக்கி மடித்து அலமாரியில் இருக்கும்போது. விரிப்பில் விரித்தால் சேலையின் முழு நீளத்துக்கும் இடம் வேண்டும். கைப்பேசியின் 12 மெகாபிக்சல் படம் என்பது 4000 பெருக்கல் 3000 புள்ளிகள். புள்ளிக்கு 4 பைட் என்றால் ஒரு படத்துக்கு 48 எம்பி ரேம். படத் திருத்த நிரலில் நாற்பதையும் திறந்துவைத்தால் 1,920 எம்பி. 4 ஜிபியில் பாதி அங்கேயே போயிற்று. வாட்ஸ்அப்பில் பார்ப்பவருக்கு அவ்வளவு பெரிய படம் தேவையே இல்லை. முதலில் 1600 பெருக்கல் 1200 ஆகச் சிறிதாக்கிவிட்டு வேலையைத் தொடங்கச் சொன்னேன். அப்போது ஒன்று 8 எம்பிக்குள் அடங்கிவிடும்.

ரேமைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் இலவச நிரல்களை இறக்காதீர்கள். அவை விரிப்பில் இருப்பதை வலுக்கட்டாயமாகத் தட்டுக்குத் தள்ளிவிட்டு, எண் குறைந்துவிட்டது என்று காட்டும். அடுத்த நிமிடம் நீங்கள் அந்த நிரலைத் தொட்டதும் எல்லாம் திரும்பி வர வேண்டும். மந்தம் கூடத்தான் செய்யும்.

இவ்வளவுக்குப் பிறகும் "இன் யூஸ்" மாலை வேளையில் 3.6-க்குக் கீழே வரவில்லை. அப்போதுதான் ரேம் வாங்கலாம் என்றேன். டாஸ்க் மேனேஜரிலேயே "ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2" என்று இருந்தது, ஒரு காலி இடம் இருக்கிறது என்று பொருள். வாங்குவதற்கு முன் நீங்கள் பார்க்க வேண்டியது, உங்கள் விண்டோஸ் 32 பிட்டா 64 பிட்டா என்பது. செட்டிங்ஸில் சிஸ்டம், அபவுட் என்ற இடத்தில் இருக்கும். 32 பிட் என்றால் 8 ஜிபி போட்டாலும் 4 ஜிபிக்கு மேல் பயன்படாது. முதலில் 64 பிட்டுக்கு மாற வேண்டும்.

டவுன் ஹால் ரோட்டில் ஒரு கடையில் மச்சான் தனியாகப் போய் ஒரு ரேம் வாங்கி வந்தார். அது டிடிஆர்4 என்ற புதிய வகை. கணினியில் இருப்பதோ முந்தைய வகையான டிடிஆர்3. பார்வைக்கு இரண்டும் அண்ணன் தம்பி போல இருக்கும். ஆனால் பொன்னிறப் பற்களுக்கு நடுவில் இருக்கும் வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும், பொருந்தவே பொருந்தாது. அழுத்திப் பார்த்தால் பலகைதான் உடையும். நல்லவேளை, அவர் அழுத்தவில்லை. மறுநாள் பழைய ரேமைக் கழற்றி, ஒரு தாளில் மடித்து எடுத்துக்கொண்டு இருவரும் போனோம். அதைக் காட்டியதும் கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் சரியான 4 ஜிபி டிடிஆர்3-ஐ எடுத்துத் தந்து, முந்தையதையும் திரும்பப் பெற்றுக்கொண்டார். மடிக்கணினி என்றால் ரேமின் அளவே வேறு, பாதி நீளம்தான் இருக்கும். 2025 இறுதியிலிருந்து ரேம் விலை நன்றாக ஏறியிருக்கிறது; தவறாக வாங்கினால் இழப்பும் பெரிது.

மாட்டும்போது மின்சார இணைப்பைப் பிடுங்கிவிடுங்கள். கேபினெட்டின் உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுவிட்டு ரேமைத் தொடுங்கள். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம் இறங்கிவிடும். பழைய ரேமின் பற்களில் நம் ஊர்ப் புழுதி படிந்து கறுத்திருந்தது. பென்சில் அழிப்பானால் மெல்லத் தேய்த்தேன், பொன்னிறம் திரும்பியது. வெட்டைப் பொருத்தி, இரு முனைகளிலும் கட்டைவிரல் வைத்துச் சமமாக அழுத்தினால் பக்கத்துக் கொக்கிகள் "டக்" என்று தாமாகப் பூட்டிக்கொள்ளும். அந்தச் சத்தம் கேட்காவிட்டால் சரியாக உட்காரவில்லை. போட்டதும் திரை வராமல் பீப் ஒலி மட்டும் வந்தால் பதறாதீர்கள். கழற்றி மறுபடி மாட்டுங்கள். பெரும்பாலும் ரேம் சரியாக உட்காராததுதான் காரணம்.

உங்கள் விண்டோஸ் 10 பற்றியும் ஒரு வார்த்தை. அதற்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்குக் குறைந்தபட்சம் 4 ஜிபி ரேம் என்கிறார்கள்; பிராசசரையும் பார்ப்பார்கள் என்பதால் பழைய கணினி பலவற்றில் ஏறாது. இணையமும் கணக்கும் மட்டும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை முயன்று பார்க்கலாம். 4 ஜிபியில் அது இலகுவாக ஓடும்.

இன்று மாலை கணினி திணறும்போது கமிட்டெட் என்ற இடத்தில் இருக்கும் இரண்டு எண்களையும், சி டிரைவில் மிச்சமிருக்கும் அளவையும், ஸ்லாட் எண்ணையும் குறித்து இங்கே எழுதுங்கள். அவற்றைப் பார்த்துவிட்டு உங்களுக்கு ரேம் தேவையா, எது வாங்க வேண்டும் என்று சொல்கிறேன். அதுவரை கடைக்காரருக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.