சமையல்காரர்கள் வெளியே எங்கே சாப்பிடுகிறார்கள்? – நுகர்வோர் கேள்வி-பதில்

கேள்வி: அடுத்த மாதம் சம்பந்தி வீட்டார் பதினைந்து பேர் சென்னையிலிருந்து நவக்கிரகக் கோயில்களைத் தரிசிக்க வருகிறார்கள். மூன்று நாளும் வெளிச் சாப்பாடுதான். கைபேசியில் மதிப்பீட்டு நட்சத்திரங்களைப் பார்த்து நாங்கள் முன்பு போன ஓட்டல்களில் ருசியும் இல்லை, கொடுத்த காசுக்குப் பலனும் இல்லை. சமையல் தொழிலில் இருப்பவர்கள் சாப்பிடும் இடத்தில் சாப்பிட்டால் ஏமாற மாட்டோம் என்கிறார் என் கணவர். இதை நம்பலாமா? நம் பக்கத்தில் அவர்கள் எங்கே சாப்பிடுகிறார்கள்?
– வாசகி, மன்னார்குடி

பதில்: உங்கள் கணவர் சொல்வது சரியான வழிதான். ஆனால் சமையல்காரரிடமிருந்து ஒரு கடையின் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போனால் பாதிப் பயன்கூடக் கிடைக்காது. அவர் அந்தக் கடைக்கு எத்தனை மணிக்குப் போகிறார், அங்கே எந்த ஒரு பலகாரத்துக்காகப் போகிறார் என்ற இரண்டும் சேர்ந்தால்தான் அது உங்களுக்கு உதவும்.

காலை முகூர்த்தம் என்றால் கல்யாணச் சமையல்காரர் நள்ளிரவு தாண்டியதும் அடுப்பு மூட்டிவிடுவார். விடிவதற்குள் காபி, ஏழு மணிக்கு டிபன், பதினொரு மணியிலிருந்து சாப்பாட்டுப் பந்தி என்று, நெய்யும் பெருங்காயமும் கலந்த ஆவியிலேயே நின்றவருக்குத் தான் சமைத்த எதையும் வாயில் வைக்கத் தோன்றாது. ஒரே வாசனையில் நெடுநேரம் இருந்தால் மூக்கு அதை உணர்வதை நிறுத்திவிடுகிறது. மூக்கு மரத்துப்போனால் நாக்குக்கும் ருசி தெரிவதில்லை. ஆகவே வெளியே சாப்பிடப் போகும்போது அவர்கள் தேடுவது விருந்தை அல்ல. தஞ்சாவூர், கும்பகோணம் வட்டாரத்தில் நான் பேசிப் பார்த்தவர்களில் பெரும்பாலோர் சொன்னவை இட்லி, ரசம் சாதம், நல்ல காபி ஆகியவைதான். பிரியாணி மாஸ்டர் இரவு கடையை எடுத்துவைத்த பிறகு இட்லிக் கடைக்குப் போகிறார். நாள் முழுவதும் தோசைக்கல்லின் முன் நின்றவர் கெட்டித் தயிர் கிடைக்கும் மெஸ்ஸைத் தேடிப் போகிறார். தன் அடுப்பில் இல்லாததை, எளிமையானதை, கூட்டம் இல்லாத வேளையில் சாப்பிடுவது அவர்கள் வழக்கம்.

இடங்களைப் பொதுவாகச் சொல்லலாம். தாராசுரம் காய்கறிச் சந்தை, தஞ்சாவூர் காமராஜர் மார்க்கெட் போன்ற சந்தைகளை ஒட்டி, மூட்டை தூக்குபவர்களுக்காக விடியலில் திறக்கும் கடைகள் முதல் வகை. காய்கறி எடுக்க வரும் சமையல்காரர்கள் அங்கேயே பசியாறிவிடுவார்கள். பேருந்து நிலையத்தைச் சுற்றி இரவில் நெடுநேரம் திறந்திருக்கும் இட்லிக் கடைகள் இரண்டாவது வகை. மூன்றாவது, மதியம் மட்டும் சாப்பாடு போடும் வீட்டு மெஸ்கள். இந்த மூன்றிலும் செய்கிற வகைகள் குறைவு, செய்தது தீர்ந்துவிடுகிறது. மாவும் சட்னியும் தேங்காத கடையில் பழையதைக் கலக்க வழியே இல்லை என்பதுதான் சமையல்காரரின் கணக்கு.

அவர்கள் கடைக்குள் நுழைந்ததும் என்ன பார்க்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்வது, பத்துக் கடைகளின் பெயரைத் தெரிந்துகொள்வதைவிட மேலானது. ஒரு மூத்த சமையல்காரருடன் கும்பகோணத்தில் டிபன் சாப்பிடப் போயிருந்தேன். அவர் விலைப் பலகையைப் பார்க்கவில்லை. இட்லிக் கொப்பரையைப் பார்த்தார். "அடுத்த ஈடு எப்போது?" என்று சப்ளையரிடம் கேட்டுவிட்டு, தட்டில் இருந்த இட்லியை வேண்டாம் என்று சொல்லிக் காத்திருந்தார். ஈடு இறக்கியதும் தட்டைக் கவிழ்த்து, துணியின் முதுகில் தண்ணீர் தெளித்து உரித்தார்கள். துணியில் ஒரு பருக்கைகூட ஒட்டாமல் வந்ததைப் பார்த்த பிறகுதான் இலையில் வைக்கச் சொன்னார். அடுத்து அவர் கண் சட்னி வாளிக்குப் போனது. வாளியின் உட்புறம், சட்னிக்கு மேலே காய்ந்த வளையம் இருந்தால் அது காலையில் அரைத்து வைத்து அப்படியே இருக்கிற சட்னி. சித்திரை, வைகாசி வெயிலில் தேங்காய்ச் சட்னி முற்பகலுக்குள் திரிந்துவிடும். அன்று வளையம் இல்லை. வாளி அப்போதுதான் மாறியிருந்தது. இவ்வளவையும் எந்த வாடிக்கையாளரும் மேசையில் உட்கார்ந்தபடியே பார்க்கலாம். இதற்குத் தொழில் தெரிய வேண்டியதில்லை.

எண்ணெய்ப் பலகாரத்துக்கும் இதே கண்தான். வடைச் சட்டியில் எண்ணெய் கறுத்து, நுரை அடங்காமல் நின்றால் சமையல்காரர்கள் காபியோடு நிறுத்திக்கொண்டு எழுந்துவிடுவார்கள். எண்ணெயைத் திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது அது கெட்டு உருவாகும் பொருள்களான மொத்தத் துருவச் சேர்மங்கள், பொரித்த எண்ணெயில் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைப் பயன்படுத்தக் கூடாது என்ற விதி 2018 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதை அளக்கும் கருவி நம்மிடம் இல்லாவிட்டாலும் நிறம், நுரை, நெடி மூன்றும் ஓரளவு சொல்லிவிடும்.

காபியைப் பற்றித் தனியாக ஒன்று. நெடுஞ்சாலைகளில் கும்பகோணம் டிகிரி காபி என்ற பலகைகள் இப்போது எங்கும் இருக்கின்றன. பித்தளை டவரா டம்ளரில் கொடுத்து விலையையும் கூட்டிவிடுகிறார்கள். பித்தளை டம்ளர் எதற்கும் சான்று அல்ல. முதல் டிகாக்ஷனா, பால் அப்போது காய்ச்சியதா, அல்லது அடுப்பிலேயே கிடந்து ஆடை கட்டியதா என்பதைத்தான் பார்க்க வேண்டும். புது டிகாக்ஷன் இறங்கும் விடியற்காலையிலும் பிற்பகல் மூன்று மணியை ஒட்டியும் போனால் உங்கள் விருந்தினர்கள் உண்மையான ருசியைக் காண்பார்கள். கடப்பாவுக்கும் நேரம் பார்க்க வேண்டும். பாசிப்பருப்பும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் செய்யும் அந்தக் கும்பகோணத்துக் குழம்பு எல்லாக் கடையிலும் எல்லா நாளும் கிடைப்பதில்லை. முதல் நாளே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். திருவையாற்றில், பாசிப்பருப்பில் செய்யும் அசோகா என்ற இனிப்பைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் இலைத்துண்டில் வாங்கிச் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு, பிடித்தால் ஊருக்கு வாங்குங்கள். பெட்டியின் எடையைக் கழித்து நிறுக்கச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. தட்டில் வைத்து விற்கும் இனிப்புக்கு எந்தத் தேதி வரை உண்ணலாம் என்பதை எழுதி வைக்க வேண்டும் என்பதும் 2020 அக்டோபர் 1 முதல் விதி.

ஒரு குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சமையல்காரர்கள் விரும்பும் கடைகள் பெரும்பாலும் சிறியவை. பதினைந்து பேர் ஒன்றாக உட்கார இடம் இராது. முதியவர்களுக்கு வேண்டிய கழிப்பறை வசதியும் பல இடங்களில் இல்லை. காலை டிபனுக்கும் காபிக்கும் இரண்டு மூன்று குழுவாகப் பிரிந்து இத்தகைய கடைகளுக்குப் போங்கள். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு மெஸ்ஸில் முந்தின நாள் மாலையே எத்தனை இலை என்று சொல்லிவிட்டு, முதல் பந்திக்கே போய்விடுங்கள். இரவுக்கு வசதியான பெரிய ஓட்டலில் இட்லி, தோசையோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

கேள்வி: நான் ஓர் ஓட்டல் மாஸ்டரிடம் "நீங்கள் எங்கே சாப்பிடுவீர்கள்?" என்று கேட்டேன். "எங்கள் ஓட்டலில்தான்" என்று சொல்லிவிட்டார். யாரிடம், எப்படிக் கேட்பது? நீங்களே கடைப் பெயர்களை வெளியிட்டால் என்ன?
– வாசகர், பாபநாசம்

பதில்: முதலாளி கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போது வேலையில் இருப்பவரிடம் கேட்டால் வேறு பதில் வராது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணங்கள் இல்லாததால் கல்யாணச் சமையல்காரர்களுக்கு ஓய்வு கிடைக்கிறது. குடும்பத்தோடு அவர்கள் வெளியே சாப்பிடுவதும் பெரும்பாலும் அப்போதுதான். உங்கள் வீட்டு விசேஷத்துக்குச் சமைத்தவர் ஒருவர் இருந்தால், அந்த மாதங்களில் அவரிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். அங்கே எதைச் சாப்பிடுவீர்கள்? எத்தனை மணிக்குப் போவீர்கள்? அங்கே எதைத் தொடமாட்டீர்கள்? மூன்றாவது கேள்விக்கு வரும் பதில்தான் மிக உண்மையாக இருக்கும். நல்ல ரவா தோசை போடும் கடையில் சாம்பார் சாதம் வாங்காதீர்கள் என்று சொல்பவர் அந்தக் கடையை உள்ளபடி அறிந்தவர். எல்லாமே நன்றாக இருக்கும் என்பவர் உபசாரத்துக்குச் சொல்கிறார்.

சமையல்காரர் கிடைக்காவிட்டால் ஓட்டல்களுக்குப் பொருள் போடுபவர்களிடம் கேட்கலாம். வாழை இலை வியாபாரிக்கு எந்தக் கடையில் தினமும் எத்தனை கட்டு இலை செலவாகிறது என்பது தெரியும். பால்காரருக்கு எந்தக் கடை பாலின் தரத்தில் பேரம் பேசுவதில்லை என்பது தெரியும். எண்ணெய் டின் இறக்குபவருக்கு வாங்குவது கடலை எண்ணெயா பாமாயிலா என்பது தெரியும். தங்கும் விடுதியின் வரவேற்பாளரும் வாடகை வண்டி ஓட்டுநரும் சொல்வதை அப்படியே நம்பிவிட வேண்டாம். ஆள் அழைத்து வருவதற்குத் தரகு கொடுக்கும் கடைகள் கோயில் நகரங்களில் இருக்கின்றன.

கடைப் பெயர்களை இந்தப் பகுதியில் வெளியிடாததற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர் ஓட்டல்களின் ருசி பலகையில் இல்லை, சமையலைப் பார்க்கும் சரக்கு மாஸ்டரின் கையில் இருக்கிறது. அவர் சம்பளம் கூடக் கிடைக்கும் இடத்துக்கு மாறினால் அதே பெயரில் வேறு சாம்பார்தான் வரும். நான் இன்று எழுதும் பெயரை நம்பி ஆறு மாதம் கழித்து ஒரு குடும்பம் பணம் செலவழித்துப் போவது நியாயமாக இராது. மேலே சொன்ன கேள்விகள் மாஸ்டர் மாறினாலும் பயன்படும்.

கேள்வி: நாகப்பட்டினத்தில் மீன் சாப்பாட்டுக்குப் போவதென்றால் ஓட்டலில் சமைப்பவர்கள் எதைக் கேட்டு வாங்குவார்கள்? மே மாதத்தில் போகலாமா?
– வாசகர், திருவாரூர்

பதில்: ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. அந்த நாட்களில் தட்டில் வரும் பெரிய வஞ்சிரத் துண்டு பெரும்பாலும் வெளியிலிருந்து ஐஸில் வந்ததாகத்தான் இருக்கும். விலையும் ஏறியிருக்கும். விஷயம் தெரிந்தவர்கள் அப்போது வஞ்சிரத்தைக் கேட்பதில்லை. கரையை ஒட்டிச் சிறு படகுகள் கொண்டுவரும் நெத்திலி, மத்தி, நண்டு ஆகியவற்றில் அன்று எது வந்தது என்று கேட்டு அதைச் சாப்பிடுகிறார்கள். எந்த மாதமானாலும் மசாலா தடவி முன்னரே அடுக்கி வைத்த துண்டுகளை வறுவலுக்கு ஒத்துக்கொள்ள வேண்டாம். மசாலாவின் சிவப்புக்குள் மீனின் வயது மறைந்துவிடும். தடவாத துண்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கும் கடையில் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள். மாலை வேளையாக இருந்தால் நாகூர் வரை போய், இறால் வைத்த வாடாவைச் சட்டியிலிருந்து எடுத்த சூட்டில் சாப்பிட்டு வாருங்கள்.

கேள்வி: தொலைக்காட்சியில் வரும் சமையல் கலைஞர் ஒருவர் எங்கள் ஊர் ஓட்டலைப் புகழ்ந்து காணொளி போட்டிருந்தார். நம்பிப் போனோம், சாப்பாடு மிகச் சாதாரணம். இவர்களின் சிபாரிசும் சமையல்காரர் சிபாரிசுதானே?
– வாசகி, மயிலாடுதுறை

பதில்: சமையல்காரர் தன் காசைக் கொடுத்துச் சாப்பிடும் இடமும், காசு வாங்கிக்கொண்டு காட்டும் இடமும் ஒன்றல்ல. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, ஒரு பொருளையோ சேவையையோ பரிந்துரைப்பவர் அதற்காகப் பணமோ வேறு பயனோ பெற்றிருந்தால், அதைப் பார்ப்பவருக்குத் தெளிவாகத் தெரிவிக்க வேண்டும். தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரையும், அடுத்தடுத்த முறைகளில் 50 லட்சம் ரூபாய் வரையும் அபராதம் விதிக்க இடம் இருக்கிறது. சாப்பாடு சாதாரணமாக இருந்தது என்பது மட்டும் புகாராகாது. பணம் பெற்றதை மறைத்ததாகச் சான்று இருந்தால் புகார் செய்யலாம். அத்தகைய காணொளிகளைப் பார்க்கும்போது சாப்பிடுபவரின் முகத்தை விட்டுவிட்டு, பின்னால் தெரியும் மற்ற இலைகளைப் பாருங்கள். உள்ளூர்க்காரர்கள் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பது அங்கே தெரியும்.

கேள்வி: ஒரு கல்யாணச் சமையல்காரர் சொல்லி நாங்கள் போன மெஸ்ஸில் சாப்பாடு அருமை. ஆனால் ரசீது கொடுக்கவில்லை, வரியும் போடவில்லை. இது முறையானதா? ஏதாவது கோளாறு என்றால் என்ன செய்வது?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: வரி போடாதது தவறாக இருக்க வேண்டியதில்லை. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாய்க்குக் குறைவான சிறு உணவகம் ஜிஎஸ்டி பதிவே செய்ய வேண்டியதில்லை. விற்றுமுதலில் ஒரு சிறு விகிதத்தைக் கடைக்காரரே வரியாகக் கட்டும் தொகுப்பு முறையில் (composition) பதிவு செய்த கடை வாடிக்கையாளரிடம் வரி வசூலிக்கவே கூடாது. மற்ற சாதாரண ஓட்டல்களில் ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் வரி 5 சதவீதம்தான். அதற்கு மேல் சேவைக் கட்டணம் என்று தானாகச் சேர்த்திருந்தால் நீக்கச் சொல்லலாம்.

நீங்கள் பார்க்க வேண்டியது உணவுப் பாதுகாப்புப் பதிவை. எவ்வளவு சிறிய கடையானாலும் 14 இலக்கப் பதிவு எண் அல்லது உரிம எண் இருக்க வேண்டும், அந்தச் சான்றிதழ் கண்ணில் படும்படி மாட்டப்பட்டிருக்க வேண்டும். சமையல்காரர் ருசிக்கும் பக்குவத்துக்கும் சான்று சொல்லலாம். தண்ணீர்த் தொட்டி எப்போது கழுவப்பட்டது என்பதற்கு அவரால் சான்று சொல்ல முடியாது. ரசீதை மரியாதையாகக் கேளுங்கள், துண்டுச் சீட்டில் தேதியும் தொகையும் எழுதிக் கொடுத்தாலும் போதும். அதுவும் இல்லையென்றால் கைபேசி வழியாகப் பணம் செலுத்துங்கள்; அந்தப் பதிவு நீங்கள் அங்கே சாப்பிட்டதற்கு ஆதாரமாக நிற்கும். உடல்நலக் கோளாறு ஏற்பட்டால் மருத்துவரின் குறிப்போடு மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலகத்துக்கும், கட்டணம் தொடர்பான குறைகளுக்கு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்கும் தெரிவியுங்கள்.