ஈயம் கலந்த கிணற்றில் ஈஸ்ட் போடலாமா?

கேள்வி: மட்டக்களப்பு மாவட்டம், களுவாஞ்சிகுடிப் பக்கம், மணல் தரையில் தோட்டக் கிணறு. வேலிக்கு அப்பால் பழைய வாகனப் பற்றறிகளை உடைத்து ஈயம் எடுத்தார்கள். ஈஸ்ட் ஈயத்தை உறிஞ்சும் என்று படித்தேன். பேக்கரி ஈஸ்ட் வாங்கிக் கிணற்றில் போடலாமா? கத்தரியும் கீரையும் இருக்கின்றன, இரண்டு பசுக்களும் அந்தத் தண்ணீர்தான் குடிக்கின்றன.

பதில்: போட வேண்டாம் தம்பி. நீங்கள் படித்தது பொய்யில்லை, ஈஸ்ட் செல்லின் சுவரில் ஈய அயன்கள், அதாவது தண்ணீரில் கரைந்த ஈயம், ஒட்டிக்கொள்ளும், அதற்கு ஈஸ்ட் உயிரோடு இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. ஆனால் ஒட்டிய ஈயம் எங்கே போகும்? ஒரு செல் மில்லிமீற்றரில் இருநூறில் ஒரு பங்குதான், துணியில் வடிகட்ட முடியாது, கிணற்றுக்குள்ளேயே கிடந்து அழுகி நாறும், ஈயமும் அங்கேயே இருக்கும். அமெரிக்காவில் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஈஸ்ட்டை வைத்து ஈயத்தை எடுத்துக் காட்டினார்கள், ஆனால் பிரிக்கிற சிக்கலுக்காக அதைச் சிறு கூடுகளில் அடைத்துத் தண்ணீரை அதனூடே ஓடவிட வேண்டியிருந்தது.

இன்னொன்று, உங்கள் இடத்தில் பற்றறி அமிலமும் கொட்டியிருக்கும். பீஎச் (புளிப்பைக் காட்டும் அளவு, எண் குறையக் குறையப் புளிப்பு கூடும்) 5, 6 அளவில்தான் ஈஸ்ட் நன்றாகப் பிடிக்கும், புளிப்பு ஏறினால் பிடி விட்டுவிடும். பாவித்த ஈஸ்ட்டிலிருந்து ஈயத்தைக் கழற்ற ஆய்வுகூடத்தில் ஊற்றுவதே அமிலம்தான்! கொதிக்க வைத்தாலும் ஈயம் போகாது, தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும்.

முதலில் தண்ணீரைச் சோதியுங்கள். நீர் வழங்கல் சபையில் கேட்கும்போது ஈயம் என்று சொல்லியே கேளுங்கள், வழமையான சோதனையில் அது வராது. குடிக்க லீற்றருக்கு 0.01 மில்லிகிராம், மாட்டுக்கு 0.1, அதற்கு மேல் கூடாது. முடிவு வரும்வரை நீங்களும் அதைக் குடிக்காதீர்கள், சமைக்கவும் வேண்டாம்.

உண்மையில் எனக்குக் கிணற்றைவிடப் பசுக்கள்தான் கவலை. உடைந்த பற்றறித் தகடு கிடந்தால் மாடு நக்கும், துண்டை விழுங்கியும் விடும், ஈய நஞ்சில் மாடு சாவது பெரும்பாலும் இப்படித்தான். பல்லை நறநறவென்று கடிப்பது, கண் தெரியாமல் வேலியில் முட்டுவது, வட்டமாகச் சுற்றுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் அன்றே கால்நடை வைத்தியரைக் கூப்பிடுங்கள், பாலையும் பாவிக்காதீர்கள். இப்போதே அந்தப் பக்கம் மேய விடாமல் கட்டிவிடுங்கள், தண்ணீர் வேறிடத்திலிருந்து வரட்டும்.

கத்தரிக்காய்க்குள் ஈயம் அவ்வளவாக ஏறாது, கழுவிச் சமைக்கலாம், ஆனால் மண்ணையும் சோதித்த பிறகு. கீரையைச் சாப்பிடவே வேண்டாம், இலையில் படியும் தூசியே போதும். வேலியோர மண்ணைக் கொத்திப் பிரட்டாதீர்கள், பிள்ளைகளையும் அங்கே விளையாட விடாதீர்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் சுற்றாடல் அதிகாரசபையிடமும் எழுத்தில் முறைப்பாடு கொடுங்கள், அந்த மண்ணை அள்ளி அகற்றாமல் கிணற்றை மட்டும் இறைத்துக்கொண்டிருந்தால் ஒவ்வொரு மாரிக்கும் ஈயம் திரும்ப இறங்கும்.