கம்பனி முறிந்தால் பணிப்பாளருக்கும் சம்பளப் பாக்கி உண்டா?

கேள்வி: ஹட்டனில் தேயிலை பக்கட் செய்து விற்கும் பிரைவட் லிமிட்டட் கம்பனி எங்களுடையது. நானும் அண்ணனும் மச்சானும் பணிப்பாளர்கள். நான் 11 வருடமாக முழுநேர மெனேஜர், மாதச் சம்பளம் 90,000 ரூபாய். வேலையாட்கள் 18 பேர். கடைசி 7 மாதம் நான் சம்பளம் எடுக்கவில்லை. ஊழியர் சேமலாப நிதி (ஈ.பி.எஃப்.) 2 வருடமாகக் கட்டவில்லை. கடன் தாங்க முடியாமல் கம்பனியை மூடப் போகிறோம். பணிப்பாளர் பதவியிலிருந்து பழைய திகதி போட்டு விலகினால் எல்லாக் காசையும் எடுத்துத் தருவதாக ஒருவர் சொல்கிறார். நூற்றுக்கு 15 கேட்கிறார். கையெழுத்து வைக்கலாமா?

பதில்: வைக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பணிப்பாளர் என்ற பெயருக்குச் சட்டம் காசு கொடுப்பதில்லை. நீங்கள் செய்த மெனேஜர் வேலைக்குத்தான் கொடுக்கிறது. ஒரே ஆள் பணிப்பாளராகவும் ஊழியராகவும் இருக்கலாம். ஒப்பந்தம் எழுத்தில் இல்லாமல் வாய்ப்பேச்சாக இருந்தாலும் நமது தொழிற் சட்டங்கள் ஏற்கின்றன. ஆனால் வேலை நிஜமாக நடந்ததற்குத் தடயம் வேண்டும். கூட்டத்துக்கு மட்டும் வந்துபோகும் பணிப்பாளருக்கு இதில் ஒன்றும் கிடையாது.

அந்தத் தரகர் சொல்கிறபடி செய்தால் என்ன நடக்கும் என்று பாருங்கள். பணிப்பாளர் மாற்றத்தை 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20இல் கம்பனிகள் பதிவாளருக்கு அறிவிக்க வேண்டும். பழைய திகதிக் கடிதம் அங்கேயே மாட்டிக்கொள்ளும். அதைவிட மோசம், அந்தக் கடிதத்தில் வழக்கமாக எழுதும் ‘சகல பொறுப்புகளிலிருந்தும் விலகுகிறேன்’ என்ற வரி. அதை எழுதினால் மெனேஜர் வேலையையும் நீங்களே அந்தத் திகதியில் முடித்துக்கொண்டீர்கள் என்றாகிவிடும். அதற்குப் பிந்திய சம்பளப் பாக்கியை எப்படிக் கேட்பீர்கள்? நீங்கள் பணிப்பாளராக இருந்த காலத்து ஈ.பி.எஃப். பொறுப்போ அப்படியே உங்கள் தலையில் இருக்கும். இதற்கு நூற்றுக்கு 15!

இன்னொரு ஏமாற்று. பிரித்தானியாவில் முறிந்த கம்பனியின் ஊழியருக்கு, ஊழியராக வேலை செய்த பணிப்பாளருக்கும்கூட, தேசிய காப்புறுதி நிதியம் என்ற அரச நிதியிலிருந்து குறிப்பிட்ட தொகை கிடைக்கும். அந்தக் காணொளிகளைக் காட்டி இங்கேயும் அப்படி எடுக்கலாம் என்பார்கள். இலங்கையில் அப்படி ஒரு நிதி இல்லை. உங்களுக்குக் கிடைப்பது வரிசையில் ஓர் இடம் மட்டும்.

அந்த வரிசை 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் 9ஆவது அட்டவணையில் இருக்கிறது. சொத்தை விற்றுக் கடன் தீர்க்க நியமிக்கப்படும் லிக்விடேட்டரின் செலவு முதலில் போகும். அதன் பிறகு வரும் முன்னுரிமைக் கடன்களில் ஈ.பி.எஃப்., ஊழியர் நம்பிக்கை நிதி (ஈ.டி.எஃப்.), பணிக்கொடை, சம்பளம் எல்லாம் உண்டு. ஆனால் கட்டடத்தையும் மெஷினையும் வங்கிக்கு ஈடு வைத்திருந்தால், அவை விற்ற காசை வங்கி முதலில் எடுத்துவிடும். மிச்சத்தில்தான் இந்த வரிசை.

சம்பளத்தில் ஒரு கணக்கு இருக்கிறது. பலர் பிழைவிடும் இடம் இதுதான், பொறுமையாக வாசியுங்கள். முன்னுரிமை கிடைப்பது, கம்பனி கலைப்புத் தொடங்கிய நாளுக்கு முந்திய 4 மாதத்தில் செய்த வேலைக்கு மட்டும். நீங்களாகக் கலைத்தால் தீர்மானம் நிறைவேற்றிய நாள் அந்தத் தொடக்கம். நீதிமன்றம் கலைத்தால், முன்பே தீர்மானம் எதுவும் இல்லாதபோது, மனுப் போட்ட நாள். உங்கள் 7 மாதப் பாக்கி 630,000 ரூபாய். அதில் கடைசி 4 மாதத்து 360,000 முன்னால் நிற்கும், மீதி 270,000 சாதாரணக் கடனாகப் பின்னால் போய்விடும். இப்போது ஜனவரி 31இல் பக்டரியைப் பூட்டிவிட்டு, ‘பார்ப்போம், பார்ப்போம்’ என்று இருந்து மே 31இல் தீர்மானம் எடுத்தீர்கள் என்று வையுங்கள். பெப்ரவரி முதல் மே வரையான 4 மாதத்தில் யாரும் வேலை செய்யவில்லை. ஆகவே முன்னுரிமைச் சம்பளம் சைபர். உங்களுக்கு மட்டுமல்ல, அந்த 18 பேருக்கும். மார்ச் 31இல் எடுத்திருந்தால் 2 மாதச் சம்பளமாவது முன்னால் நின்றிருக்கும். கடன் கட்ட முடியாது என்று தெரிந்த உடனேயே பணிப்பாளர் சபையைக் கூட்ட வேண்டும் என்று 219ஆம் பிரிவு சொல்வதும் உங்கள் கடமைதான்.

பணிக்கொடை லேசான கணக்கு. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்த இடம், 5 வருடம் பூர்த்தியான சேவை. வருடத்துக்கு அரை மாதச் சம்பளம்: 45,000 ரூபாயை 11ஆல் பெருக்கினால் 495,000. 5 வருடம் முடித்த, மாதச் சம்பளம் வாங்கும் வேலையாட்களுக்கும் இதே விதிதான்.

ஈ.பி.எஃப்.தான் வலிக்கும் இடம். உங்கள் பெயரில் மாதம் 20 வீதம், அதாவது 18,000. 24 மாதத்துக்கு 432,000. ஈ.டி.எஃப். 3 வீதம், 64,800. ஆனால் அந்த 18 பேரின் சம்பளத்தில் மாதாமாதம் 8 வீதம் வெட்டியிருப்பீர்கள். அது அவர்கள் காசு. கட்டாமல் விட்ட குற்றத்துக்குக் கம்பனியோடு பணிப்பாளர்களும் பதில் சொல்ல வேண்டும். நீதவான் நீதிமன்றத்தில் குற்றப்பணம் போல அறவிடுவார்கள். ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் மிகைக் கட்டணம் 50 வீதம். ஆகவே உங்கள் பெயருக்கு மட்டும் தொழில் அலுவலகத்தில் போய் முறையிடாதீர்கள். 18 பேரையும் சேர்த்து, மாதவாரியாக, ஈ.பி.எஃப். பங்களிப்பு விபரம் எழுதும் ‘சீ’ படிவம் நிரப்பிக் கொண்டு போங்கள். கையில் இருக்கும் காசில் உங்கள் பாக்கியை முதலில் எடுத்துக்கொள்ளவும் கூடாது. லிக்விடேட்டர் அதைத் திருப்பிக் கேட்கலாம்.

கணக்காளரிடம் இன்றைக்கே ஒன்று கேளுங்கள்: எடுக்காத சம்பளத்தைப் புத்தகத்தில் எங்கே போட்டிருக்கிறார்? மார்ச் 31 கணக்கு முடிக்கும்போது அதை ‘டிரெக்டர் கரண்ட் அக்கவுன்ட்’டில், அதாவது பணிப்பாளரின் கொடுக்கல் வாங்கல் கணக்கில், ஒரே வரியில் தள்ளிவிடுவது வழக்கம். அப்படிச் செய்தால் அது சம்பளமாகத் தெரியாது, நீங்கள் கம்பனிக்குக் கொடுத்த கடனாகத் தெரியும். அதே கணக்கில் பிள்ளையின் பாடசாலைக் கட்டணம், வான் டயர் என்று நீங்கள் எடுத்ததும் இருந்தால் ஒன்றோடொன்று கழித்துவிடுவார்கள். பழைய புத்தகத்தைத் திருத்த வேண்டாம். பே ஷீட், சம்பளம் விழுந்த வங்கிக் கூற்று, ஈ.பி.எஃப். கூற்று, உங்கள் சம்பளத்தை நிர்ணயித்த சபைத் தீர்மானம் ஆகியவற்றைச் சேர்த்து வையுங்கள். 216ஆம் பிரிவின்படி பணிப்பாளர் ஊதியம் கம்பனிக்கு நியாயமானது என்று சபை ஏற்று, அதற்குரிய பதிவேட்டில் எழுத வேண்டும். எழுதாவிட்டால், வாங்கிய சம்பளம் நியாயமானது என்று நிரூபிக்கும் பாரம் உங்களுடையது.

தமிழ் 1987இலேயே அரசகரும மொழி ஆகிவிட்டது. இன்றும் மலையகத்துக்கு வரும் கடிதங்களில் பல விளங்காத மொழியில்தான் வருகின்றன. இது சலுகை கேட்கும் விஷயம் அல்ல. தொழில் அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதி, பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். லிக்விடேட்டருக்கு ஆங்கிலப் பிரதியும் சேர்த்து அனுப்புங்கள். கோரிக்கை கொடுக்க வேண்டிய கடைசி நாளை அறிவித்தலில் போடுவார்கள். லயத்தில் இருக்கும் வேலையாட்களுக்குக் கடிதம் தோட்டக் கந்தோர் வழியாகப் போய் நாட்கணக்கில் கிடக்கும். அவர்களுடைய கோரிக்கைகளில் கடிதம் நேரே கைக்கு வரக்கூடிய ஒரு டவுன் முகவரியைப் போடுங்கள். தொலைபேசி இலக்கத்தையும் எழுதுங்கள்.