பதினைந்துக்கு ஐந்து

அன்புள்ள சார்,

மும்பைக் கல்லூரி ஒன்றில் பி.ஏ. சமூகவியல் எடுக்கிறேன். சேர்ந்து இரண்டு வருடம் ஆகிறது. போன மாதம் 110 விடைத்தாள் திருத்தினேன். சமஸ்கிருதமயமாதல் (தாழ்த்தி வைக்கப்பட்ட ஜாதியினர் மேல்ஜாதி வழக்கங்களைப் பின்பற்றி உயரப் பார்ப்பது) கேள்விக்கு ஏறக்குறைய எல்லோரும் ஒரே கைடிலிருந்து ஒரே பதிலை எழுதியிருந்தார்கள். மார்க் போட்டேன், வேறென்ன செய்வது? அசைன்மென்ட் கொடுத்தால் சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. இதற்கு நடுவில் கல்லூரியின் தரத்தை மதிப்பிட நாக் குழு வருகிறது என்று, எந்தப் பாடம் எந்தக் 'கற்றல் விளைவை' எவ்வளவு நிறைவேற்றுகிறது என 1, 2, 3 போட்டு எக்செல் நிரப்பச் சொல்கிறார்கள். இந்தப் பிள்ளைகள் எதையாவது கற்றார்களா என்று எப்படித்தான் தெரிந்துகொள்வது?

க., செம்பூர்

அன்புள்ள க.,

எக்செல்லை முதலில் முடித்துவிடுவோம். நிரப்பிக் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றுக்கும் 3 போட்டால் நம்பமாட்டார்கள் என்று நடுநடுவே 2 தூவிய ஆள்தான் நானும். அந்த அட்டவணையில் மாணவர் எங்கும் வருவதில்லை, அதனால் அவருக்குக் கெடுதலும் இல்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பல வருடம் முன்பு என் வகுப்பில் தாராவியிலிருந்து ஒரு பெண் படித்தாள். அப்பாவுக்கு இட்லி வியாபாரம். விடியுமுன் அங்கே பல வீடுகளில் அடுப்பு எரியும். அலுமினியப் பாத்திரத்தில் இட்லியும் சட்னியும் ஏற்றிக்கொண்டு, ரப்பர் ஹார்னைப் பாம் பாம் என்று அமுக்கியபடி சைக்கிள்கள் கிளம்பும். உங்கள் செம்பூருக்கும் வந்திருப்பார்கள். 'முறைசாராத் துறை (பதிவோ ஒப்பந்தமோ இல்லாமல் நடக்கும் வேலைகள்) என்றால் என்ன' என்ற கேள்விக்கு அவள் எழுதியது நாலு வரி, அதிலும் ஆங்கிலம் தடுமாறியது. 15-க்கு 5 போட்டேன்.

அந்த வாரமே ஒருநாள் ஏன் லேட் என்று கேட்டேன். இட்லி விற்கும் ஒருவர் ஊருக்குப் போய்விட்டார், அவர் தெருவை யார் பார்ப்பது என்று வீட்டில் பஞ்சாயத்து என்றாள். தெருவா? ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்றபடியே சொன்னாள். இன்ன தெரு இன்னாருக்கு என்று பாத்தியதை உண்டாம். ஊருக்குப் போகிறவர் தன் தெருவை மச்சானிடமோ ஊர்க்காரரிடமோ விட்டுப்போவார். அவர் திரும்பி வந்தால், தெருவைப் பார்த்துக்கொண்டவர் அதை விட்டுக்கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால்? மறுநாள் யாரும் அவருக்கு இட்லியைக் கடனாகக் கொடுக்கமாட்டார்கள். பத்திரம் இல்லை, போலீஸ் இல்லை, ஆனால் சட்டம் இருந்தது. முறைசாராத் துறைக்குள் எத்தனை முறை இருக்கிறது என்பதை என் பாடக்குறிப்பைவிட நன்றாகச் சொல்லிவிட்டாள். "இதை ஏன் பரீட்சையில் எழுதவில்லை?" என்றேன். "அது எங்க வீட்டு விஷயம் சார், பாடத்துல இல்லையே."

தப்பு என் கேள்வியில். 'என்றால் என்ன' என்று கேட்டால் கைடு பதில் சொல்லும், அதற்குத்தான் கைடு போடுகிறார்கள். உங்கள் சமஸ்கிருதமயமாதலையே எடுங்கள். சமூகவியலாளர் எம்.என்.ஸ்ரீநிவாஸ் குடகு மக்களைப் படித்து 1952-இல் முன்வைத்த கருத்து அது. விளக்கத்தைக் கேள்வித்தாளிலேயே அச்சடித்துக் கொடுத்துவிட்டு, இப்படிக் கேட்டுப் பாருங்கள்: தாத்தா காலத்தில் இருந்து இப்போது விட்டுப்போன ஒரு வழக்கத்தைச் சொல், யார் விட்டார்கள், யாரைப் பார்த்து விட்டார்கள், இந்தக் கருத்து அதற்கு எங்கே பொருந்துகிறது, எங்கே இடிக்கிறது? அந்த 'எங்கே இடிக்கிறது'க்குப் பாதி மார்க் வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. சொந்தக் குடும்பத்தை எழுதச் சொன்னால் பிள்ளைகள் ஜாதியைச் சொல்ல வேண்டி வரும். முதல் தடவை நான் இதை யோசிக்கவில்லை. ஒரு பையன் வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டுப் போனான். அப்புறம்தான் பக்கத்து வீடு, தெரு, ரயில் சிநேகிதம் எதை வேண்டுமானாலும் எழுதலாம் என்று மாற்றினேன். வகுப்பில் வாசித்துக் காட்டுவதையும் விட்டேன்.

சாட்ஜிபிடிக்கு என்னிடம் உள்ள மருந்து ஐந்து நிமிட வைவா, அதாவது வாய்மொழித் தேர்வு. ஸ்ரீநிவாஸ் நம் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியர் குரியேவிடம் படித்தவர். 1948-இல் மைசூர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் தங்கிச் சேர்த்ததை வருடக்கணக்கில் பகுத்து எழுதிவைத்திருந்தார். 1970-இல் ஸ்டான்ஃபோர்டில் அவர் இருந்த ஆய்வு மையத்துக்குத் தீ வைத்தார்கள், அந்தக் குறிப்புகளின் மூன்று பிரதியும் எரிந்தன. நினைவிலிருந்தே எழுதத் தொடங்கி 1976-இல் புத்தகமாக்கினார். இதைச் சொல்லிவிட்டு மாணவரிடம் கேட்பேன்: உன் நோட்டு எரிந்துபோனால் எந்த மூன்று விஷயம் மிஞ்சும்? உன்னிடம் பேச மறுத்தவர் யார், ஏன்? அசைன்மென்ட்டுக்காக நிஜமாகவே ஆட்களிடம் போய்ப் பேசியவன் இரண்டாவது கேள்விக்குச் சிரிப்பான். போகாதவன் கூரையைப் பார்ப்பான். தமிழோ மராத்தியோ இந்தியோ, எதில் வேண்டுமானாலும் சொல்லலாம். படித்த வீட்டுப் பிள்ளை வீட்டிலிருந்தே கொண்டுவரும் மொழியையும் தோரணையையும் பரீட்சை 'திறமை' என்று முத்திரை குத்துகிறது என்று பிரெஞ்சு சமூகவியலாளர் பூர்தியூவை வைத்துப் பாடம் நடத்துகிறோம். நடத்திவிட்டு நாமே ஆங்கிலத்துக்கு மார்க் குறைக்கிறோம். 110 பேருக்கு ஐந்து நிமிடம் என்றால் ஒன்பது மணி நேரத்துக்குச் சற்று மேல். விடைத்தாள் திருத்த இதைவிடக் கூடத்தான் ஆகியிருக்கும்.

இதெல்லாம் ஒருநாள் காட்சிதான். மூன்று வருடத்தில் என்ன நடந்தது என்று தெரிய வேண்டுமென்றால் முதல் வாரமே ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: 'எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம் ஏன் மும்பைக்கு வந்தது?' பெரும்பாலும் 'கஷ்டம், வேலை தேடி' என்று இருக்கும். திருத்தாமல் உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். கடைசி செமஸ்டரில் உறையை அவரவரிடம் கொடுத்து, அவர்களையே சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்லுங்கள். 'வேலை தேடி' என்பதை அடித்துவிட்டு, 'வேலை தேடி வரவில்லை, தோல் பதனிடும் வேலைக்கு ஏற்கெனவே வந்திருந்த சொந்தக்காரர் கூப்பிட்டார், அவரை யார் கூப்பிட்டார் என்று கேட்க வேண்டும்' என்று ஓரத்தில் எழுதினான் ஒருவன். அந்த ஓரக்குறிப்புக்குத்தான் நான் மார்க் போட்டேன்.

உறைகளைத் துறை பீரோவின் கீழ்த்தட்டில் மட்டும் வைக்காதீர்கள். ஜூலை மழையில் தண்ணீர் உள்ளே வரும். என் முதல் வருட உறைகள் அப்படித்தான் போயின.